கேள்வி-பதில்: மலைப் புல்வெளி மண்ணும் அதன் நுண்ணுயிர்களும்

கேள்வி: பனி மூடிய மாதங்களில் மலைப் புல்வெளி மண்ணில் நுண்ணுயிர்கள் செயலற்றுக் கிடக்கும் என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்தேன். குளிர்காலத்தில்தான் அவை அதிகம் என்று அண்மையில் ஒரு கட்டுரை சொல்கிறது. எது சரி?

பதில்: நிலையாகப் பனி மூடும் மலைகளுக்குக் கட்டுரை சொல்வதே பொருந்தும். 30 முதல் 50 செ.மீ. பனி படிந்துவிட்டால் வெளிக்காற்றின் குளிர் மண்ணை எட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். மேலே மைனஸ் 20 டிகிரி இருந்தாலும் அடியில் உள்ள மண் 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். அந்த நிலையில் மண்துகள்களைச் சுற்றி, உப்புகள் கரைந்த மெல்லிய நீர்ப்படலம் உறையாமல் இருக்கும். நுண்ணுயிருக்கு அது போதும். கோடை முடிவில் மடிந்த புல்லும் வேரும் புதுத் தீனியாகக் கிடக்கின்றன. குளிரில் வளரக்கூடிய பூஞ்சைகள் அதைச் சிதைக்கத் தொடங்கிவிடும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரில் உள்ள நிவாட் ரிட்ஜ் புல்வெளிகளில் இதைப் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார்கள். அங்கே நுண்ணுயிர்களின் மொத்த எடை உச்சத்தைத் தொடுவது குளிர்கால இறுதியில், பனி உருகுவதற்குச் சற்று முன். அப்போது பூஞ்சைகளின் கை ஓங்கியிருக்கும். கோடையில் பாக்டீரியாவின் பங்கு கூடும். 2003ல் வெளியான ஆய்வு ஒன்று, அதுவரை யாரும் அறியாத பூஞ்சைக் கிளைகளையே அந்த மண்ணில் அடையாளம் கண்டது.

இந்தச் சுழற்சியில் கவனிக்க வேண்டியது பனி உருகும் சில வாரங்கள். தீனி தீர்ந்துவிட்டது, மண் சட்டென்று வெப்பமாகிறது, உருகிய நீர் ஊறுகிறது. குளிருக்குப் பழகிய கூட்டம் பெருமளவில் மடிகிறது. அவற்றின் உடலில் இருந்த தழைச்சத்து (நைட்ரஜன்) புரதமாகவும் அமினோ அமிலமாகவும் அம்மோனியமாகவும் மண்ணில் வெளிப்படுகிறது. புல்லும் கோரையும் துளிர்விடுவது அதே நேரத்தில்தான். உயர்மலைக் கோரைகள் சில அமினோ அமிலத்தையே வேர் வழியாக நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும்.

பனி குறைவாகப் பெய்தால் மண்ணுக்கு நல்லது என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. போர்வை மெலிந்தால் மண் ஆழமாக உறையும், பகலில் இளகி இரவில் மறுபடி உறையும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் செல்கள் உடைகின்றன. வேர்கள் இன்னும் விழிக்காத நேரத்தில் தழைச்சத்து வெளியேறி நீரோடு போகிறது, ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது.

கேள்வி: எங்கள் கல்லூரிக் குழு ஒரு மலைச்சரிவில் மண் மாதிரி எடுக்கப் போகிறது. நுண்ணுயிர் ஆய்வுக்கு எப்படி எடுப்பது, எப்போது எடுப்பது?

பதில்: எப்போது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். பனி உருகும் முன் எடுத்த மாதிரியையும் கோடை நடுவில் எடுத்த மாதிரியையும் ஒப்பிட்டால் நீங்கள் பார்ப்பது பருவத்தை, இடத்தை அல்ல. இரண்டு இடங்களை ஒப்பிடுவதானால் தேதியைப் பார்க்காதீர்கள், பனி உருகி எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். வடக்குச் சரிவும் தெற்குச் சரிவும் ஒரே உயரத்தில் இருந்தாலும் உருகும் நாள் வாரக்கணக்கில் மாறும்.

5 செ.மீ. விட்டமுள்ள மண்துளைக் குழாய் போதும். மேலே கிடக்கும் காய்ந்த புல்லை விலக்கிவிட்டு 0 முதல் 10 செ.மீ. வரை எடுங்கள். இந்த மண்ணில் வேரும் நுண்ணுயிரும் மேல் அடுக்கில்தான் குவிந்திருக்கும். ஆகவே 5 செ.மீ. என்று ஒருவரும் 15 செ.மீ. என்று இன்னொருவரும் எடுத்தால் கணக்கு சிதறிவிடும். ஒரு பாத்தியில் குறைந்தது எட்டு முதல் பத்து இடங்களில் குத்தி, ஒரே பையில் கலந்து ஒரு மாதிரி ஆக்குங்கள். புற்குத்துக்கு அடியிலும் குத்த வேண்டும், இடைவெளியிலும் குத்த வேண்டும். குத்துக்கு அடியில் மட்டும் எடுத்தால் அளவு மிகையாக வரும்.

எடுத்த மண்ணை உடனே பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். டிஎன்ஏ ஆய்வுக்கான சிறு பகுதியைத் தனியாகப் பிரித்து மைனஸ் 20 டிகிரிக்கு, முடிந்தால் மைனஸ் 80க்குக் கொண்டுபோங்கள். மீதியை 2 மி.மீ. சல்லடையில் சலித்து 4 டிகிரியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் அளந்துவிடுவது நல்லது. மலைமண்ணைச் சலிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. வேர்ப்பின்னல் மெத்தை போல் இருக்கும், ஈரமாக இருந்தால் சல்லடைக் கண்ணில் அப்பிக்கொள்ளும். அதற்காக வெயிலில் காயவைத்துவிடாதீர்கள். காய்ந்த மண்ணை மறுபடி நனைத்தால் சில மணி நேரத்துக்கு மண்ணின் சுவாசம் (நுண்ணுயிர்கள் விடும் கார்பன் டை ஆக்சைடு) எகிறும், இறந்த செல்களை உயிரோடு இருப்பவை தின்பதால். 1958ல் பர்ச் என்பவர் விரிவாக எழுதிய விளைவு இது. குளிர்ந்த அறையில் தட்டில் பரப்பி, உதிரும் பதம் வரும்வரை மட்டும் ஆறவிடுங்கள். நுண்வேர்களை இடுக்கியால் பொறுக்குங்கள். எல்லா மாதிரிக்கும் ஒரே அளவு நேரம் பொறுக்க வேண்டும்.

பிஎச் (அமில-காரத்தன்மை) அளவையும் ஈரப்பதத்தையும் கல் அளவையும் அன்றே குறித்து வையுங்கள். சரளை நிறைந்த மண்ணில் கல்லின் கன அளவைக் கழிக்காமல், ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு கரிமம் என்று எழுதினால் அது பெரும் பிழையாக முடியும்.

கேள்வி: விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் மண்ணின் சுவாசத்தை அளக்க முடியுமா?

பதில்: முடியும். மண் விடும் கார்பன் டை ஆக்சைடைக் காரக் கரைசலில் பிடித்து அளக்கும் காரப் பொறி முறை பழையது, இன்றும் நம்பத்தக்கது. காற்றுப் புகாத மூடியுள்ள 1 லிட்டர் கண்ணாடிக் குப்பி, சிறு கண்ணாடிக் கிண்ணம், பியூரெட் ஆகியவை இருந்தால் ஆயிற்று.

25 கிராம் மண்ணை, அதன் நீர்ப்பிடிப்புத் திறனில் 60 சதவீதம் வரும்படி ஈரப்படுத்தி, ஐந்து முதல் ஏழு நாள் அப்படியே அமைதியாக விடுங்கள். சலித்ததால் ஏற்பட்ட கிளர்ச்சி அதற்குள் அடங்கிவிடும். பிறகு மண்ணைக் குப்பியில் இட்டு, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி. உள்ள கிண்ணத்தை உள்ளே வைத்து மூடுங்கள். மண் இல்லாத மூன்று குப்பிகளையும் இதேபோல் மூடுங்கள். மூன்று நாள் கழித்துக் கிண்ணத்தை எடுத்து 0.5 மோலார் பேரியம் குளோரைடு 5 மி.லி. விட்டால் பிடிபட்ட கார்பன் டை ஆக்சைடு வெள்ளை வீழ்படிவாகப் பிரியும். இரண்டு சொட்டு பினால்ப்தலீன் சேர்த்து 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் இளஞ்சிவப்பு மறையும்வரை தரம்பாருங்கள். வெற்றுக் குப்பிக்குச் செலவான அமிலத்திலிருந்து மண் குப்பிக்குச் செலவானதைக் கழியுங்கள். வித்தியாசம் ஒவ்வொரு மி.லி.க்கும் 0.6 மி.கிராம் கரிமம்.

தவறு நேரும் இடங்கள் மூன்று. காரத்தில் பாதிக்கு மேல் செலவாகிவிட்டால் அது வாயுவை மெதுவாகவே பிடிக்கும், அளவு குறைத்துக் காட்டும். அப்போது மண்ணைக் குறையுங்கள் அல்லது நாளைக் குறையுங்கள். கிண்ணத்தைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் அறைக்காற்றிலிருந்தும் உங்கள் மூச்சிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடு கலக்கும். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது: 25 டிகிரியில் அளந்துவிட்டு, மலைமண் மிகச் சுறுசுறுப்பானது என்று எழுதிவிடுவது. அந்த மண் ஆண்டில் பெரும்பகுதி 10 டிகிரிக்குக் கீழே இருப்பது. 10 டிகிரி வெப்பம் கூடினால் சுவாசம் ஏறக்குறைய இரட்டிக்கும், குளிர் நிலையில் இன்னும் அதிகமாகவே கூடும். 10 டிகிரியில் ஒன்று, 20 டிகிரியில் ஒன்று என இரண்டு தொகுதி வையுங்கள். அந்த விகிதமே ஒரு நல்ல தகவல்.

கேள்வி: தேயிலைப் பை புதைக்கும் முறையை மலையில் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம், ஒரு திருத்தத்தோடு. 2013ல் வெளியான இந்த முறையில் பச்சைத் தேயிலைப் பையையும் ரூயிபாஸ் (தென்னாப்பிரிக்க மூலிகைத் தேநீர்) பையையும் எடைபோட்டு 8 செ.மீ. ஆழத்தில் புதைத்து, 90 நாள் கழித்துத் தோண்டி, உலர்த்தி, மறுபடி எடைபோடுவார்கள். பச்சைத் தேயிலை விரைவில் சிதையும், ரூயிபாஸ் மெதுவாக. 90 நாளில் பச்சைத் தேயிலையின் எளிதில் சிதையும் பகுதி முழுவதும் போய்விட்டது என்ற அனுமானத்தின் மேல்தான் சிதைவு வேகத்தைக் கணக்கிடும் அதன் சூத்திரம் நிற்கிறது. குளிர்ந்த மண்ணில் அது போயிருக்காது. ஆகவே சூத்திரத்தை விட்டுவிட்டு இரண்டு பையின் எடையிழப்பையும் நேரடியாக ஒப்பிடுங்கள். 90 நாளோடு நிறுத்தாமல் இன்னொரு தொகுதியை ஓராண்டு விடுங்கள். பையின் சரடு மக்கிப்போகும், கால்நடை மிதிக்கும், கொறிணிகள் தோண்டும். எனவே ஓரிடத்தில் குறைந்தது ஐந்து ஜோடி புதைத்து உலோகக் குச்சியால் அடையாளமிடுங்கள். எடுத்த பையில் ஒட்டிய மண்ணைக் கழுவாதீர்கள், உலர்த்தித் தூரிகையால் நீக்குங்கள். பைக்குள் வேர் நுழைந்திருந்தால் அந்தப் பை கணக்கில் சேராது.

கேள்வி: குளோரோஃபார்ம் ஆவியூட்டும் முறையில் நுண்ணுயிர்க் கரிமத்தை அளந்தோம். சில மாதிரிகளில் ஆவியூட்டிய மண்ணைவிட ஆவியூட்டாத மண்ணில் கரிமம் அதிகமாக வருகிறது. ஏன்?

பதில்: குளோரோஃபார்ம் ஆவி 24 மணி நேரத்தில் செல்களை உடைக்கும், உடைந்ததைப் பொட்டாசியம் சல்பேட் கரைசலால் வடித்தெடுக்கிறோம், ஆவியூட்டாத மண்ணின் வடிசலோடு உள்ள வித்தியாசத்திலிருந்துதான் நுண்ணுயிர்க் கரிமத்தைக் கணக்கிடுகிறோம். அந்த வித்தியாசம் எதிர்மறையாக வந்தால் மண்ணில் உயிரில்லை என்று பொருளல்ல. செய்முறையில் எங்கோ ஓட்டை.

அங்ககப் பொருள் மிகுந்த மலைமண்ணில் முதலில் பார்க்க வேண்டியது வடிசல் விகிதம். பொதுவான செய்முறை ஒரு பங்கு மண்ணுக்கு நான்கு பங்கு 0.5 மோலார் பொட்டாசியம் சல்பேட் என்கிறது. அது கனிம மண்ணுக்கு. புல்மெத்தை மண் அந்தக் கரைசலைக் குடித்துக் குழம்பாகிவிடும், குலுக்கினாலும் கலக்காது. ஒன்றுக்குப் பத்து என்று வைத்து அரை மணி நேரம் குலுக்குங்கள். அடுத்தது வேர். ஆவியூட்டாத தொகுதியில் நுண்வேர் கொஞ்சம் அதிகம் விழுந்திருந்தால் அதுவே கணக்கைத் திருப்பிவிடும். மூன்றாவது ஈரம். மிகவும் காய்ந்த மண்ணில் குளோரோஃபார்ம் சரியாக வேலைசெய்யாது. வெற்றிடக் கலத்தில் குளோரோஃபார்ம் ஓரிரு நிமிடம் கொதிப்பதைக் கண்ணால் பார்த்தீர்களா என்றும் யோசியுங்கள். கொதிக்கவில்லை என்றால் மூடியில் கசிவு இருக்கிறது, ஆவி மண்ணுக்குள் போகவே இல்லை.

வேறொரு பிழை எதிர்த்திசையில் வேலைசெய்யும். கடையில் கிடைக்கும் குளோரோஃபார்மில் பெரும்பாலும் எத்தனால் சேர்த்திருப்பார்கள். அது மண்ணில் தங்கி, ஆவியூட்டிய மாதிரியின் கரிமத்தைக் கூட்டிக் காட்டும். எத்தனால் நீக்கியது தேவை. முடிந்ததும் ஆறு முதல் எட்டு முறை காற்றை உறிஞ்சி வெளியேற்றுங்கள். முழு வேலையையும் புகைபோக்கிப் பெட்டிக்குள்தான் செய்ய வேண்டும், இதில் சலுகையே கிடையாது.

செல்களின் கரிமம் முழுவதும் வடிந்து வராது என்பதால் வித்தியாசத்தை 0.45 என்ற காரணியால் வகுப்பது வழக்கம். எந்தக் காரணி என்பதை அறிக்கையில் எழுதுங்கள். 0.38 பயன்படுத்தியவரின் எண்ணும் உங்கள் எண்ணும் நேராக ஒப்பிடத் தக்கவை அல்ல.

கேள்வி: மேய்ச்சல் புல்வெளியில் உயிர் உரப் பொட்டலங்களைத் தூவினால் பலன் உண்டா?

பதில்: இல்லை. ஒரு கிராம் மண்ணில் ஏற்கெனவே கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கின்றன, அந்தக் குளிருக்கும் அமிலத்தன்மைக்கும் பழகியவை. வெப்பமான ஆய்வகத்தில் வளர்த்த ஓர் இனத்தை மேலே தூவினால் அது சில வாரம்கூடத் தாக்குப்பிடிப்பது கடினம். வேர்ப்பூஞ்சைக்கும் இதே நிலைதான். மலைப்புற்களின் வேரில் மைக்கோரைசா எனும் கூட்டுவாழ் வேர்ப்பூஞ்சையும், கருநிற இழைகள் கொண்ட உள்வாழ் பூஞ்சைகளும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. தழைச்சத்து தேவை என்றால் அங்கே இயல்பாக வளரும் க்ளோவர் போன்ற அவரைக் குடும்பச் செடிகளைக் காப்பாற்றுங்கள், அவற்றின் வேர்முடிச்சுப் பாக்டீரியா அந்த வேலையைச் செய்கிறது. ரசாயனத் தழைச்சத்து போட்டால் அந்தச் செடிகள்தான் முதலில் பின்வாங்கும்.

கேள்வி: புல்வெளியில் வட்டமாக ஒரு பட்டை கரும்பச்சையாகவும் அதை ஒட்டி இன்னொரு பட்டை காய்ந்தும் இருக்கிறது. நோயா?

பதில்: நோயல்ல. மாரஸ்மியஸ் ஓரியாடிஸ் போன்ற காளான் மண்ணுக்குள் வட்டமாக வெளிநோக்கிப் பரவுகிறது. அதன் இழைகள் அங்ககப் பொருளைச் சிதைத்துத் தழைச்சத்தை விடுவிக்கும் இடத்தில் புல் கறுத்துச் செழிக்கும். இழைகள் அடர்ந்த இடத்தில் மண் நீரை ஏற்காது, புல் காயும். அந்தப் பட்டையில் ஒரு துண்டு மண்ணை உலர்த்தி, மேலே ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். ஐந்து நொடிக்கு மேல் முத்தாக நின்றால் நீர் விலக்கும் மண். பூஞ்சைக்கொல்லி வேண்டாம், விட்டுவிடுங்கள்.

இலையுதிர் காலத்தில் அதே புல்வெளியில் மெழுகுபோல் மினுக்கும் சிவப்பு, மஞ்சள் காளான்கள் முளைக்கின்றனவா என்றும் பாருங்கள். ஹைக்ரோசைபி வகைக் காளான்கள் உரம் கண்ட மண்ணில் வராது. பல இனங்கள் சேர்ந்து முளைத்தால் அந்தப் புல்வெளி நெடுங்காலமாக உழவும் உரமும் காணாதது என்று நம்பலாம். ஒருமுறை தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கொட்டிவிட்டால் அவை திரும்பி வரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

கேள்வி: மாடுகள் ஓய்வெடுத்த இடத்தில் மேய்ச்சலை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியும் பெரிய இலைக் களை மட்டுமே வளர்கிறது. பழைய புல் ஏன் திரும்பவில்லை?

பதில்: ஆல்ப்ஸ் மலைகளில் இது நன்கு அறியப்பட்ட சிக்கல். அங்கே அந்தக் களை ரூமெக்ஸ் ஆல்பைனஸ், கைவிடப்பட்ட மாட்டுப்பட்டிகளில் பல பத்தாண்டுகள் நிலைக்கிறது. மாடு ஒருமுறை சிறுநீர் கழித்த இடத்தில் விழும் தழைச்சத்து, ஹெக்டேர் கணக்குக்கு மாற்றினால் 500 முதல் 1,000 கிலோ வரை இருக்கும். யூரியா ஓரிரு நாளில் அம்மோனியமாகிவிடும். அதை நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியா பெருகும், பூஞ்சையின் பங்கு சுருங்கும். வேர்ப்பூஞ்சையோடு கூட்டுவைத்துச் சிக்கனமாக வாழும் புற்களுக்கு அந்தக் கூட்டின் பயன் போய்விடுகிறது. வேகமாக உறிஞ்சி வேகமாக வளரும் களைக்கே அந்த மண் தோதானது. அதன் இலையும் தழைச்சத்து மிகுந்தது, விரைவில் மக்கி மறுபடி அதே இடத்தில் சேரும். நைட்ரேட்டாவது நீரோடு கரைந்து போகும். சாணத்தில் வந்த மணிச்சத்து மண்துகளில் ஒட்டிக்கொண்டு அசையாது.

ஆகவே சத்தை வெளியே கொண்டுபோவதுதான் வழி. பூக்கும் முன் ஆண்டுக்கு இரண்டு முறை அறுத்து, அறுத்ததை அங்கேயே போடாமல் அப்புறப்படுத்துங்கள். அப்படியே விட்டால் அறுத்த பயன் பாதி போச்சு. உப்புக்கட்டியும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கும் இடத்தை ஆண்டுதோறும் மாற்றினால் புதிதாக இன்னோர் இடம் இப்படி ஆகாது.

கேள்வி: குழாய் பதிக்க மலைப் புல்வெளியில் பள்ளம் தோண்ட வேண்டியிருக்கிறது. மண்ணின் உயிரைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?

பதில்: தோண்டும் முன்பே புல்லை மண்ணோடு 15 முதல் 20 செ.மீ. தடிமனில் பத்தைகளாக வெட்டி எடுங்கள். பத்தை பெரிதாக இருக்க இருக்க விளிம்பில் காய்வது குறையும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புல் மேல்நோக்கி இருக்கப் பக்கத்திலேயே பரப்பி, காயாமல் நனைத்து வாருங்கள். சில நாளில் திரும்ப வைக்கும்படி வேலையைத் துண்டு துண்டாகத் திட்டமிட வேண்டும். பத்தைக்குக் கீழே உள்ள மேல்மண்ணைத் தனிக் குவியலாகவும், அடிமண்ணை வேறு குவியலாகவும் வையுங்கள். மேல்மண் குவியல் 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. உயரமானால் நடுவே காற்று அற்றுப் புளித்த வாடை வரும், வேர்ப்பூஞ்சையின் இழைகள் செத்துவிடும். மண் சொதசொதவென்று இருக்கும் நாளில் இயந்திரத்தை இறக்காதீர்கள். நசுங்கிய நுண்துளைகள் குளிர்ந்த மண்ணில் எளிதில் மீளாது.

மூடும்போது அடிமண், மேல்மண், பத்தை என்ற வரிசை மாறக் கூடாது. இடைவெளிகளில், அருகிலுள்ள அதே உயரத்துப் புல்வெளியில் விதை முற்றிய புல்லை அறுத்து அன்றே பரப்புங்கள். அதிலிருந்தே விதை விழும், மண்ணையும் மூடும். செங்குத்தான சரிவில் சணல் வலை விரித்து முளையடியுங்கள்.

பத்தை போதாமல் வெற்று மண் மிஞ்சினால், நல்ல புல்வெளியிலிருந்து எடுத்த மண்ணை 1 செ.மீ.க்கும் குறைவாகத் தூவுவது உதவும். நெதர்லாந்தில் கைவிட்ட விளைநிலங்களில் இப்படிச் செய்து, எந்த இடத்து மண்ணைத் தூவினார்களோ அந்த இடத்துச் செடிகளை நோக்கிப் புது நிலம் நகர்வதை 2016ல் காட்டினார்கள். மேலடுக்கை நீக்கிய இடத்தில் பலன் கூடுதலாக இருந்தது. அதற்காக நல்ல புல்வெளியை ஓரிடத்தில் சுரண்டிவிடக் கூடாது, பல இடங்களில் கைப்பிடி கைப்பிடியாக எடுங்கள். இரண்டு வளர்பருவத்துக்கு மேய்ச்சல் வேண்டாம்.

கேள்வி: உயரம் கூடக் கூடச் செடி இனங்கள் குறைகின்றன. நுண்ணுயிர் இனங்களும் அப்படித்தானா?

பதில்: பாக்டீரியாவைப் பொறுத்தவரை அப்படி ஒரு விதி இல்லை. பெரு நாட்டில் ஆண்டிஸ் மலையின் கிழக்குச் சரிவில் நடந்து 2011ல் வெளியான ஆய்வில், உயரத்தோடு செடி, விலங்கு இனங்கள் குறைந்தன, பாக்டீரியா இன எண்ணிக்கை அந்தப் போக்கைப் பின்பற்றவில்லை. பாக்டீரியாக் கூட்டத்தின் வகையைத் தீர்மானிப்பதில் மண்ணின் பிஎச் அளவுக்குத்தான் முதலிடம். சுண்ணாம்புப் பாறை மேல் உள்ள புல்வெளியும் கருங்கல் மேல் உள்ள புல்வெளியும் ஒரே உயரத்தில், அருகருகே இருந்தாலும் அவற்றின் பாக்டீரியா வேறுபடும். உயரத்தின் விளைவைத் தனியாகப் பார்க்க விரும்பினால் ஒரே பாறைவகை உள்ள சரிவைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மாதிரியிலும் பிஎச் அளந்து, அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.